வாதாட ஓர் இடம்

ஹைக்கு என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் சேராதது. 2001 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. முதல் ஆல்பா 2009-ல் வந்தது, முதல் பீட்டா 2018-ல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். ‘ஆர்1’ என்று அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவரும் முழுமையான முதல் பதிப்பு, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அந்த ஐந்தாவது பீட்டாவின்போதும் வந்திருக்கவில்லை.

கேள்விப்படுகிற யாரும் முதலில் கேட்பது, இதை யார் பயன்படுத்துகிறார்கள், எதற்கு இவ்வளவு பாடு என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் ஹைக்கு ஆர்வலர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்பவை வேறு. சாளரத்தின் தலையில் இருக்கும் மஞ்சள் பட்டையை மாற்றலாமா? இயங்குதளத்தின் அடிப்பகுதியான சொந்தக் கர்னலை விட்டுவிட்டு லினக்ஸ் கர்னலை எடுத்துக்கொண்டால் என்ன? வேறு தளங்களுக்கென எழுதப்பட்ட மென்பொருளை இங்கே கொண்டுவந்து குவிப்பது நல்லதா, கெடுதலா? எதெல்லாம் முடிந்தால் ஆர்1 முடிந்ததாகக் கொள்ளலாம்? வருடக்கணக்காகப் பேசுகிறார்கள், ஓயவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் ஹைக்குவை வைத்துக்கொண்டு, குறிப்பெடுக்கவும் பாட்டுக் கேட்கவும் பயன்படுத்துகிற நான், இந்தப் பேச்சை ஓரமாக நின்று கவனித்துவருகிறேன். கவனிக்கக் கவனிக்க, இது கணினியைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல என்று தோன்றியது.

இதன் பூர்வீகம் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆப்பிளில் பெரிய பொறுப்பில் இருந்த ழான் லூயி காசே, அங்கிருந்து வெளியேறி 1990-ல் ‘பி இன்க்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய பாரம் எதையும் சுமக்காமல் ஓர் இயங்குதளத்தை அடியிலிருந்து எழுதுவது அவர் நோக்கம். அதுதான் பி-ஓஎஸ். அதற்கென 1995-ல் பிபாக்ஸ் என்ற கணினியையும் வெளியிட்டார்கள். உள்ளே இரண்டு செயலிகள்; முகப்பின் இரு ஓரத்திலும் வரிசையாக விளக்குகள். எந்தச் செயலிக்கு எவ்வளவு வேலை என்பதற்கேற்ப அந்த விளக்குகள் ஏறி இறங்கும். அந்தக் காலத்தில் மற்ற கணினிகள் ஒரு வீடியோவை ஓட்டவே திணற, இது பல வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டியது. 1996-ல் ஆப்பிள் தன் அடுத்த இயங்குதளத்தை வெளியிலிருந்து வாங்கத் தேடியபோது பி-ஓஎஸ் கடைசிச் சுற்றுவரை போனது. டிசம்பரில் ஆப்பிள், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு பி இன்க் நிமிரவேயில்லை. 2001-ல் அதன் மென்பொருள் சொத்து 1 கோடியே 10 லட்சம் டாலருக்குப் பாம் நிறுவனத்துக்குப் போனது. சந்தையில் நுழையவிடாமல் தடுத்ததாக மைக்ரோசாஃப்ட் மீது அவர்கள் தொடுத்த வழக்கு 2003-ல் சமரசத்தில் முடிந்து, 2 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பத்து வருட உழைப்புக்குக் கிடைத்த விலையைப் போல இரண்டு மடங்கு, வழக்கில் வந்தது. அதற்குள் மூடுவதற்கு மட்டுமே நிறுவனம் மிச்சமிருந்தது.

பாம் வாங்கப்போவதாக அறிவித்த அதே மாதத்தில் சிலர் சேர்ந்து, பி-ஓஎஸ்ஸை மறுபடி எழுதுவோம் என்று கிளம்பினார்கள். முதலில் வைத்த பெயர் ஓப்பன்-பி-ஓஎஸ். வணிகப் பெயர்ச் சிக்கல் வரும் என்பதால் 2004-ல் ஹைக்கு ஆனது. பி-ஓஎஸ்ஸின் பிரவுசர் பிழைச் செய்திகளை ஹைக்கு கவிதைகளாகக் காட்டும்; அந்த நினைவில் வைத்த பெயர்.

அப்போது அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. லினக்ஸ் கர்னலின் மேல் பி-ஓஎஸ்ஸின் தோற்றத்தையும் நடத்தையையும் கட்டுவது ஒன்று. புளூ-ஐட்-ஓஎஸ் என்ற குழு அதைச் செய்யப் பார்த்தது. பி-ஓஎஸ்ஸின் மூல நிரலையே எடுத்து மெருகேற்றி விற்பது இன்னொன்று. யெல்லோடேப் என்ற ஜெர்மன் நிறுவனம் ஸீட்டா என்ற பெயரில் விற்றது. மூன்றாவது, ஒவ்வொரு பகுதியாகத் தாமே புதிதாக எழுதுவது. மூன்றில் அறிவுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது இந்த மூன்றாவதுதான் என்று அன்று பலரும் சொன்னார்கள். கர்னலை எழுத வேண்டும், கோப்பு முறைமையை எழுத வேண்டும், திரைக்கும் ஒலிக்கும் வலைக்கும் டிரைவர்கள் எழுத வேண்டும். லினக்ஸில் எல்லாம் தயாராக இருக்கும்போது எதற்கு இந்தப் பிடிவாதம்?

புளூ-ஐட்-ஓஎஸ் சில வருடங்களில் மங்கிப்போனது. ஸீட்டா விற்பனை 2007-ல் நின்றது. அந்த நிரலை விற்க உரிமம் யாருக்கும் தரப்படவில்லை என்று பி-ஓஎஸ்ஸின் அப்போதைய உரிமையாளர் அறிவித்தார். மிஞ்சியது, அறிவுக்குப் பொருந்தாத மூன்றாவது வழி. இதைச் சொல்வது, பிடிவாதம் எப்போதும் ஜெயிக்கும் என்று காட்டுவதற்காக அல்ல. பிடிவாதத்தால் அழிந்த மென்பொருள்கள் எத்தனையோ. ஆனால் அன்று சரியான வாதம் எது என்பது வாதத்தின் வலுவால் மட்டும் தீரவில்லை. யாரிடம் கடைசிவரை எழுத ஆள் இருந்தது என்பதால் தீர்ந்தது.

இவர்கள் எதன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஹைக்குவில் சாளரத்தின் தலைப்பட்டை முழு அகலத்துக்கும் ஓடாது. இடது மூலையில் ஒரு சின்ன மஞ்சள் துண்டாக நிற்கும், தலைப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலம். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் அந்தத் துண்டு சாளரத்தின் மேல்விளிம்பில் நகரும். அதனால் நான்கைந்து சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றின் மஞ்சள் துண்டையும் வேறுவேறு இடத்துக்குத் தள்ளிவிட்டால் எதுவும் எதையும் மறைக்காது. அழகா என்று கேட்டால் எனக்கு அழகு. பழைய பாணி என்று முகம் சுளிப்பவர்களும் உள்ளேயே இருக்கிறார்கள்.

மின்னஞ்சல் அதைவிட வியப்பு. ஒவ்வொரு அஞ்சலும் தனித்தனிக் கோப்பாகச் சாதாரண ஃபோல்டரில் கிடக்கும். அனுப்பியவர் யார், எதைப் பற்றி, எந்தத் தேதி என்பதெல்லாம் அந்தக் கோப்போடு ஒட்டிய குறிப்புகளாகக் கோப்பு முறைமையிலேயே பதிவாகியிருக்கும். அஞ்சலைத் தேட அஞ்சல் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். இன்னார் அனுப்பியது, இந்த மாதம் வந்தது என்று கணினியிடமே கேட்கலாம். தேடல் சாளரம் திறந்திருக்கும்போது புதிதாகப் பொருந்துகிற அஞ்சல் வந்தால், அதுவும் பட்டியலில் தானாகச் சேரும். பாட்டுக்கும் அப்படித்தான், முகவரிக்கும் அப்படித்தான். உன் தகவல் உன் கையில், எந்த மென்பொருளின் பெட்டிக்குள்ளும் பூட்டப்படாமல் இருக்கட்டும் என்று 1990-களில் ஒருவர் யோசித்திருக்கிறார். இந்தக் கோப்பு முறைமையை வடிவமைத்தவர்களில் ஒருவரான டொமினிக் ஜியாம்பாலோ பின்னர் ஆப்பிளுக்குப் போய் அங்கும் தேடலிலும் கோப்பு முறைமையிலும் வேலை செய்தார்.

லினக்ஸ் கர்னல் பற்றிய வாதம் ஏன் சூடாகிறது என்பது இதன் பிறகு புரியும். ஒரு புதியவர் நல்லெண்ணத்தோடு வந்து, லினக்ஸுக்கு மாறினால் டிரைவர் பிரச்சினையெல்லாம் ஒரே நாளில் தீருமே என்கிறார். மேலிருந்து கீழ்வரை ஒரே கையால் நெய்யப்பட்டது போல இருப்பதுதான் இதன் உயிர், அடியை மாற்றினால் இது இன்னொரு லினக்ஸ் ஆகிவிடும் என்கிறார் பழையவர். லிப்ரே ஆஃபிஸ் வந்தபோதும், 2024-ல் ஃபயர்பாக்ஸின் ஒரு வடிவம் வந்தபோதும் இதே கேள்விதான் வேறு வேடத்தில் எழுந்தது. அன்றாட வேலைக்கு ஆச்சு என்று ஒரு பக்கம் சந்தோஷம். இனி யார் ஹைக்குவுக்கென்றே மென்பொருள் எழுதப்போகிறார்கள் என்று இன்னொரு பக்கம் கவலை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிரவுசர் இல்லாத கணினியை இன்று யாரும் தொடமாட்டார்கள். அப்படித் தொட வந்தவருக்கு எல்லாம் வெளியூர்ச் சரக்காகவே கிடைத்தால், அவர் இங்கே வந்ததற்கு அர்த்தமும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். என் கைபேசியில் ஒரு காலை பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. அழைப்பை எடுக்கும் விதம் மாறியிருந்தது. யார் மாற்றினார்கள், ஏன் என்று தெரியாது. இரண்டு நாள் முணுமுணுத்தேன். வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. அந்த மாற்றத்தைப் பற்றி நாங்கள் யாரும் வாதாடவில்லை, யாரோடு வாதாடுவது? வாடகை வீட்டில் இருப்பவர் சுவருக்கு என்ன வண்ணம் என்று சண்டை போடுவதில்லை, வீட்டுக்காரர் அடித்த வண்ணத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் குறைப்பட்டுக்கொள்வதோடு சரி. வண்ணத்துக்காகச் சண்டை வருவது சொந்த வீட்டில்தான். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் இயங்குதளங்களில் நாமெல்லாம் குடியிருக்கிறோம். ஹைக்குவில் ஒரு சிறு கூட்டம், மஞ்சள் பட்டையின் அகலத்துக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வீண்வேலை. எனக்கு அது ஓர் உரிமையின் சத்தமாகக் கேட்கிறது.

இந்தக் கோணத்தில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் அன்றாடம் பயன்படுத்தும் பொருட்களில், புழங்கும் இடங்களில், எத்தனையில் என் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்? வங்கிச் செயலியில் இல்லை. பிள்ளைகளின் பள்ளியில் பெயரளவுக்கு. குடியிருப்புச் சங்கத்தில் உண்டு, ஆனால் நாம் போவதில்லை. நூலக வாசகர் வட்டம் போன்ற இடங்களில் உண்டு. அங்கே வாக்குவாதம் வந்தால் பண்பில்லாதவர்கள் என்று ஒதுங்கிவிடுகிறோம். குறைசொல்லப் பழகிய அளவுக்கு வாதாடப் பழகவில்லை. குறைசொல்வதற்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாதாட, எதிராளி ஏன் அப்படி நினைக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும்.

அப்படியொரு வாதத்துக்கு ஹைக்குவிலிருந்தே ஓர் உதாரணம்: 2013-ல் அது மென்பொருள் நிறுவும் முறையையே மாற்றியது. அதற்குமுன் ஒரு ஜிப் கோப்பை விரித்துப் போட்டால் போதும், மென்பொருள் ஓடும். புதிய முறையில் எல்லாம் தொகுப்புகளாக வந்தன. கணினியின் மைய ஃபோல்டர்கள் கைவைக்க முடியாதபடி ஆயின. எதிர்ப்பு பலமாக இருந்தது. பி-ஓஎஸ்ஸின் எளிமை போயிற்று, என் கணினியில் நானே ஒரு கோப்பை மாற்ற முடியாதா என்றார்கள். அந்த வலி பொய்யில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், ஏன் இந்த மாற்றம் என்பது ஒவ்வொரு படியாக விளக்கப்பட்டது. இன்று ஒரு புதுப்பித்தல் கெட்டுப்போனால், கணினியைத் தொடங்கும்போதே முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிப் போகலாம். அது அந்த மாற்றத்தால் கிடைத்த வசதி. எதிர்த்தவர்களில் சிலர் இன்னும் எதிர்க்கிறார்கள். இருந்தும் அதே இயங்குதளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு வாதம். பழைய பி-ஓஎஸ் மென்பொருள் இன்றும் ஓட வேண்டும் என்பதற்காக 32 பிட் பதிப்பை 1999-ல் வந்த ஜிசிசி 2.95 கம்பைலரில் தொகுக்கிறார்கள். புதிய சி++ வசதிகள் எதுவும் அதற்குப் புரியாது. செத்துப்போன மென்பொருளுக்காக உயிரோடிருப்பவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு கட்சி. கொடுத்த வாக்கு அது என்று மறு கட்சி. 64 பிட் பதிப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டும் கூடவே வெளிவருகின்றன.

இந்தப் பேச்சுக்கு ஒரு கெட்ட பக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எழுதுகிற கை கொஞ்சம், பேசுகிற வாய் அதிகம். ஹைக்குவின் பெரும்பகுதி, சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்களால் ஆனது. 2021 முதல் நன்கொடைப் பணத்தில் ஒருவரை முழுநேர ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களில் ஒருவர், கேட்ட கேள்விக்கே மறுபடி மறுபடி பதில் சொல்லிச் சலித்து, ஒருநாள் கடிந்து பேசிவிடுவார். கேட்டவர் புதியவர், அவருக்கு அது முதல் முறை. மனம் உடைந்து போய்விடுவார். இப்படிப் போனவர்களில் எத்தனை பேர் நல்ல நிரலாளர்களாக ஆகியிருப்பார்களோ. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் இந்த ஆர்வலர்கள் பல ஆண்டுகள் கூடிவந்த சந்திப்பில், பேச்சு முடிந்ததும் உட்கார்ந்து நிரல் எழுதுவதும் வழக்கமாக இருந்தது. அந்த இரண்டாம் பாதிதான் முதல் பாதிக்கு மதிப்பைத் தருகிறது. கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. முடிவு எழுதுகிறவர் கையில் இருக்கட்டும். அவர் தன் முடிவுக்குக் காரணம் சொல்லட்டும். சின்னக் கூட்டங்கள் நடக்க இதைவிட நல்ல ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை.

ஆர்1 விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை குறைகிறது. பீட்டா என்ற பெயரில் இருப்பதே அன்றாடம் ஓடுகிறது, இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பவர்கள் பக்கம் நான். முழுமை வரட்டும் என்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஒருமுறை ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு குறைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பொறுப்பை ஏற்பதுதான் முதிர்ச்சி. ஆர்1 என்பது 2001-ல் சொன்ன சொல். அன்று வாலிபராக வந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தச் சொல் நிறைவேற வேண்டும்.

பழைய மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், ஹைக்குவை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இலவசம், உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. அந்த மஞ்சள் பட்டை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்றால் அவர்களிடமே சொல்லுங்கள், ஏன் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்து. பதில் வரும்.