திகதி தெரிந்த பயணமும் முடியாத தையலும்

பங்குனி பிறந்தால் வன்னியில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். காலபோக நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். அந்த நாட்களில்தான் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. "அம்மா, இங்கே பனி கரையுது. இனி வந்தால் குளிர் தெரியாது. சித்திரையில் வெளிக்கிட்டு வாங்கோ." அங்கே வசந்தம்; இங்கே கோடை. அங்கே மரங்கள் தளிர்க்கின்ற மாதம், இங்கே தாய்மார் பெட்டி கட்டுகின்ற மாதமாகிவிட்டது.

வாசகர்களே, அப்படிப் பெட்டி கட்டும் ஒரு தாயாரைச் சற்று மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பெயர் நமக்கு வேண்டாம். ஊர் தண்ணீரூற்று, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் தெருவில், முள்ளியவளையை அடுத்து இருப்பது. மகள் ரொறன்ரோவில். வைகாசியில் முதற் பிள்ளை பிறக்க இருக்கிறது. விசா வந்துவிட்டது, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. கொழும்பு பஸ் ஏறுவதற்கு இன்னும் மூன்று கிழமைகள்தான்.

இந்தத் தாயார் தையலில் கைதேர்ந்தவர். நம் குடும்பங்களில் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. திருக்குடும்பக் கன்னியர்கள் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு வந்தது 1862 இல். சிங்கர் தையல் மெசின் இலங்கைக்கு வந்தது 1877 இல். மடத்தில் படித்த பெண்ணிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் ஊசி கைமாறி வந்தது. நாம் றேந்தை என்று சொல்லும் சொல்கூடப் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததுதான்.

இப்போது அந்தத் தாயாரின் மெசினைச் சுற்றிப் பாருங்கள். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நான உடுப்பு. துணி வெட்டியாயிற்று, கழுத்து றேந்தை பாதியில் நிற்கிறது. கோவில் திருநாளுக்கு ஏற்றுக்கொண்ட பீடவிரிப்பு. நான்கு கரைகளில் இரண்டுக்குத்தான் பின்னல் முடிந்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குப் பூவேலை செய்த மேசை விரிப்பு. தனக்கென்று மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை. அயல்வீட்டுச் சிறுமியின் முதல் நன்மை உடுப்பு; அளவெடுத்து, துணியும் பாதிக் கூலியும் வாங்கி, வெட்டியும் வைத்தாயிற்று. இவை போதாதென்று நேற்றிரவு புதிதாக ஒரு கம்பளித் தொப்பியும் தொடங்கியிருக்கிறார், குழந்தைக்குக் குளிருமே என்று.

இரவு பன்னிரண்டு மணிக்கு அவருடைய கை எதை எடுக்கிறது? ஞானஸ்நான உடுப்பை. அது அலுத்தால் தொப்பியை. அயல்வீட்டுச் சிறுமியின் துணி ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே போகிறது. சிறுமியின் தாய் வேலியருகே நின்று கேட்டால், "செய்து தாறன் பிள்ளை, யோசிக்காதை" என்று பதில் வருகிறது.

இது குற்றமா? பாட்டியின் பக்கத்து நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். சொந்த இரத்தம் முந்தாதா? பிரசவம் யாருக்காகவாவது காத்திருக்குமா? அயல்வீட்டுப் பிள்ளைக்கு வேறு யாரும் தைத்துக் கொடுக்கலாம். இந்தப் பேரப்பிள்ளைக்குப் பாட்டி ஒருத்திதானே? பொய்யில்லை. மகளின் மீதுள்ள பாசத்தை எடைபோட நமக்கு உரிமையும் இல்லை.

ஆனால் இங்கே எடைபோட வேண்டியது பாசத்தை அல்ல. அந்த ஆறு வேலைகளும் ஒரே இனத்தவை அல்ல. சில பரிசு, சில கடன். பேரப்பிள்ளையின் உடுப்பு பரிசு. அது பிந்தினால் யாரும் ஏமாறமாட்டார்கள். ஞானஸ்நானத்தின் திகதியைக்கூடத் தள்ளி வைக்கலாம். அயல்வீட்டு உடுப்பு கடன். முதல் நன்மையின் திகதியைக் குறிப்பது பங்கு. அந்தத் தாய் அல்ல. கூலி வேலை செய்து வாங்கிய துணி அது. வெட்டிய துணியைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். "வேறு யாரும் தைக்கலாம்" என்பது துணியை வெட்டுவதற்கு முன் சொல்லவேண்டிய வார்த்தை. வெட்டிய பின் சொன்னால் அது சாட்டு.

பரிசு இனிக்கும். கடன் கசக்கும். இனிப்பதை முதலில் செய்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைப்பது மனித சுபாவம். மற்றொருவருக்குச் சேரவேண்டிய நேரத்தை எடுத்து நம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது, அந்தப் பரிசில் ஒரு பங்கு நம்முடையதே அல்ல என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து வேலைகள் முடியாமல் கிடக்க, ஆறாவதை ஏன் தொடங்கினார்? கிரேக்கரின் ஒடிசி காவியத்தில் பெனலோப்பி என்றொரு பெண் வருகிறாள். மாமனாருக்காக நெய்யும் துணி முடிந்ததும் மறுமணத்திற்குப் பதில் சொல்வதாக வாக்களித்து, பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மூன்று வருடங்கள் கடத்தினாள். நம் தாயாரிடம் அந்தச் சூழ்ச்சி இல்லை. ஆனாலும் "வேலை கிடக்குது" என்ற சொல் அவரையும் ஒரு கேள்வியிலிருந்து மறைத்து வைத்திருக்கிறது. எத்தனை காலத்திற்குப் போகிறேன் என்ற கேள்வி அது.

ஆறு மாதம் என்று சொல்லித்தான் எல்லோரும் புறப்படுகிறார்கள். பெற்றோருக்காகவும் பேரன் பேத்தி கண்டவர்களுக்காகவும் கனடா 2011 இல் தொடங்கிய சூப்பர் விசாவில் 2022 ஆடி மாதத்திலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடங்கள் வரை தங்கலாம். குழந்தை பிறந்தபின் அதைப் பார்க்க ஆள் வேண்டும்; மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும்; பிறகு இரண்டாவது பிள்ளை. ஆகவே "வந்து முடிச்சுத் தாறன்" என்பது வாக்குறுதி ஆகாது. முதல் நன்மை உடுப்புக்காக நிற்கும் சிறுமி அதற்குள் வளர்ந்து குமரியாகிவிடுவாள்.

முடியாத வேலையை விட்டுப் போவதென்றால் என்னவென்று தண்ணீரூற்றுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் இந்த ஊரின் முஸ்லிம் குடும்பங்கள், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் எல்லோருடனும் சேர்த்து, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. 2008 இன் கடைசியில் போர் நெருங்கியபோது மற்றவர்களும் புதுக்குடியிருப்புப் பக்கமாக ஓடினார்கள். 2009 இல் எஞ்சியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் செட்டிகுளத்து முகாம்கள். எத்தனை மெசின்களில் பாதி தைத்த சட்டைகள் அப்படியே நின்றிருக்கும்! அந்தப் பாதி வேலைகளுக்காக எவரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய பயணத்திற்குத் திகதி இருக்கவில்லை. விமானச் சீட்டில் நாளும் நேரமும் அச்சடித்துக் கையில் வைத்திருக்கும் நமக்கு மூன்று கிழமைகள் கிடைத்திருக்கின்றன. ஓடிப்போனவர்களுக்கு மூன்று மணித்தியாலங்கள் கிடைத்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார்கள்!

அப்படியானால் என்ன செய்யலாம்? எல்லா வேலைகளையும் பாயில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள். முடிப்பவை, ஒப்படைப்பவை, திருப்பிக் கொடுப்பவை.

முடிக்கவேண்டியது முதல் நன்மை உடுப்பு. தெறி வைத்து, கரை மடித்து, சிறுமிக்கு ஒரு தரம் போட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். முடியவே முடியாதென்று கண்டால் இன்றைக்கே சொல்லி, வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்து, தைக்கக்கூடிய இன்னொருவரிடம் நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பியுங்கள். புறப்படுவதற்கு முதல்நாள் சொல்வது சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

ஒப்படைக்கவேண்டியது பீடவிரிப்பு. இங்கேதான் கைவேலைக்காரருக்கு மனம் இடறும். பின்னலில் ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார், மற்றவர் தளர்த்திப் பிடிப்பார். கை மாறிய இடம் கரையில் தெரியும். தெரியட்டுமே! பீடவிரிப்பு நம் கைத்திறனின் கண்காட்சி அல்லவே. பின்னலூசி, மிச்ச நூல், கண்ணிக் கணக்கு எழுதிய தாள், எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, பழக விரும்பும் ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்து, இரண்டு நாள் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுங்கள். விரிப்பும் முடியும், ஊரில் ஒரு கையும் தேறும்.

போர்வை பெட்டகத்தில் கிடக்கட்டும். தனக்குத் தான் பட்ட கடன் பொறுக்கும்.

பேரப்பிள்ளையின் உடுப்பும் தொப்பியும்? அவற்றைக் கூடவே கொண்டுபோங்கள். கத்திரிக்கோலை மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். பிரசவத்திற்குக் காத்திருக்கும் நாட்களில், மகளுக்குப் பக்கத்தில் இருந்தே கழுத்து றேந்தையைப் பின்னி முடிக்கலாம். பார்த்தீர்களா? பரிசு பெட்டியில் போகும். கடன் பெட்டியில் போகாது. அது இங்கேயே, யாரோ ஒருவரின் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

வேதாகமத்திலும் ஒரு தையற்காரி இருக்கிறாள். யோப்பா நகரத்துத் தபித்தா. அவள் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியவை, அவள் தங்களுடன் இருந்த காலத்தில் செய்துகொடுத்த உடுப்புகள். பக்கத்தில் இருந்தவர்களுக்குச் செய்து முடித்தவை.

வெளிநாட்டுக்கு ஆயத்தம் செய்யும் தாய்மாரே, அத்தைமாரே, பெட்டியில் என்ன வைப்பது என்று பிள்ளைகளிடம் கேட்கிறீர்கள். இன்றிரவு மெசின் மூடியைத் திறந்து, எதை வைத்துவிட்டுப் போகிறேன் என்றும் ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். அடியில் கிடக்கும் அந்த வெள்ளைத் துணியை மேலே எடுங்கள். நூலைக் கோருங்கள். மூன்று கிழமைகள் இருக்கின்றன. அது தாராளமாகப் போதும்.