உவப்பின்மையும் இகழ்ச்சியும்

பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குத் துணி எடுக்க வெளியூர்களிலிருந்து குடும்பத்துடன் வருவோர் பலர். வந்த இடத்தின் உணவையும் சுவைத்துப் பார்க்க விழைவது இயல்பே. இங்கே தட்டில் வந்தமர்வது கேழ்வரகுக் களி. மென்றால் பல்லில் ஒட்டும். உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதே முறை. எல்லை தாண்டினால் கன்னடத்தார் அதனையே முத்தே என்பர். மழையை நம்பிய மேட்டு நிலத்தாரை வாழ வைத்த தானியம் அது. அதை ஏழைச் சோறென்று நகைத்து ஒதுக்குவோரையும் நாம் காண்கிறோம்.

பிடிக்காததை உண்டே தீர வேண்டுமா? வேண்டியதில்லை. அன்னை மைமூனா (ரலி) இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக் கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் (ரலி) வினவினார். இல்லை, தம் மக்களின் பூமியில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார். அண்ணலார் பார்த்துக் கொண்டிருந்தார்கள். உவப்பின்மை வேறு, இகழ்ச்சி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் நாமறியோம்.

விருந்தாளிகளை மட்டும் குறை கூறுவானேன்? இப்பகுதித் தொழிற்சாலைகளுக்கு வடநாட்டிலிருந்து வந்து, வாடகை அறையில் கடுகெண்ணெய் மணக்கச் சமைக்கும் இளைஞர்கள் நம் அண்டை வீட்டார். அம்மணம் நமக்கு ஒவ்வாது போகலாம். அவர்கள் காதில் விழும்படி அதைச் சொல்ல நமக்கென்ன உரிமை?