தேரினின்று இறங்குக!



ஏறிவரும் ஊர்தியைக் கொண்டு மனிதனை எடைபோடும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. பகவன் புத்தர் காலத்து வைசாலியில் லிச்சவிச் செல்வர் நீலம், மஞ்சள், சிவப்பு, வெண்மை எனக் குழுவுக்கு ஒரு நிறத்தில் ஆடையணி பூண்டு தேரேறி வருவர். அவர்தம் குதிரையும் தேரும்கூட அவ்வந்நிறத்தனவே என்று மகாவஸ்து என்னும் வடநூல் கூறும்.

அந்நகரத்துக் கணிகை அம்பபாலி. பகவன் தன் மாந்தோப்பில் தங்கியுள்ளதை அறிந்து அவளும் சிறந்த ஊர்திகளுடன் புறப்பட்டாள். ஊர்தி செல்லும் எல்லை வரை சென்றாள். பின் இறங்கி நடந்தே அணுகினாள். அறவுரை கேட்டு, மறுநாள் உணவுக்குச் சங்கத்தோடு எழுந்தருள வேண்டினாள். பகவன் மௌனத்தால் இசைந்தார்.

திரும்பும் வழியில் லிச்சவியர் எதிர்ப்பட்டனர். அவள் ஒதுங்கவில்லை. அச்சோடு அச்சும், சக்கரத்தோடு சக்கரமும், நுகத்தோடு நுகமும் மோதின. காரணம் அறிந்த லிச்சவியர், அவ்விருந்தளிக்கும் பேற்றை நூறாயிரம் பொன்னுக்குத் தரக் கேட்டனர். வைசாலியை நாட்டோடு தரினும் தாரேன் என மறுத்தாள். அவர்கள் நேரில் சென்று அழைத்தும் பகவன் தம் இசைவை மாற்றவில்லை. தேரின் பெருமை அங்கே செல்லவில்லை.

பழங்கதை என்று இதனைத் தள்ளற்க. 1929-இல் அண்ணல் அம்பேத்கர் சாளீஸ்காவ் நிலையத்தில் இறங்கினார். அவரை நடத்தி அழைத்துச் செல்வது அவர் மதிப்புக்கு இழுக்கு என்று நம் மக்கள் கருதினர். ஆயின் தீண்டப்படாதாரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாலத்தின்மேல் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கிற்று. அண்ணல் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தன.

சிந்திப்பீர்! வண்டியோட்டும் ஏழை, சாதியால் தன்னை உயர்ந்தோனாக எண்ணினான். நம்மவரோ, வண்டியால் மதிப்பு வரும் என்று எண்ணினர். பாதுகாப்பினும் கௌரவத்தைப் பெரிதாக எண்ணிவிட்டனரே என்று அண்ணலே பின்னர் எழுதினார்.

நாமும் குற்றமற்றோம் அல்லோம். ஆலையில் உழைத்த நாளில் முதலாளியின் கார் நுழையும்போது ஒதுங்கி நின்று வணங்கினோம். உள்ளிருந்தவர் முகம் இன்று நினைவில் இல்லை. கார் மட்டுமே நினைவில் நிற்கிறது. நாம் வணங்கியது எதனை?

ஆகவே, மகன் திருமணத்துக்குக் கடன்பட்டுச் சாரட்டு வண்டி அமர்த்தும் அன்பர்காள்! ஊர்வலம் ஒரு நாழிகை, வட்டியோ பல்லாண்டு. அப்பொருளைப் பேரக்குழந்தையின் படிப்புக்கு வையுங்கள். விகாரைக்கு நடந்தே வாருங்கள். அம்பபாலியும் அவ்வாறே வந்தாள்.

யாவரும் நலமுறுவீராக!