அவர் பங்கு

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நானே மாற்றினேன். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, துருவேறிய ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபேஸையும் நியூட்ரலையும் புதிய ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினேன். நன்றாக ஓடுகிறது. மறுநாள் நடந்ததுதான் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன், திண்ணையில் கிடந்த பழைய ஃபேனை எடுத்து, ஆள்காட்டி விரலால் இறக்கையைச் சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது.

"யாரு தம்பி மாத்துனது?"

"நான்தாண்ணே."

"புஷ் தேஞ்சிருக்கு" என்றவர், இன்னொரு முறை சுற்றிவிட்டு, கீழே வைத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டாவது சுற்று எதற்கு? பழுதைக் கண்டுபிடிக்க முதல் சுற்றே போதும். யோசித்தபோது தாத்தாவின் களம்தான் நினைவுக்கு வந்தது.

சிறுவயதில், உத்திரமேரூர் பக்கத்துக் களத்துமேட்டில் தாத்தா நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு மூட்டை கட்டுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு, தச்சருக்கு, சலவைக்காரருக்கு என்று மரக்காலில் அளந்து ஒதுக்குவார். "தச்சரு இந்த வருசம் நமக்கு ஒண்ணும் செய்யலையே தாத்தா?" என்று கேட்டேன். "ஊர்ல இருக்காருல்ல, அதுக்குத்தான்" என்றார்.

பின்னாளில் வரலாற்றாய்வாளர் தரம்பால் எழுதியதைப் படித்தபோது அந்த மரக்கால் நினைவுக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களின் கணக்கை எடுத்தார். ஏரிக்கு, கோயிலுக்கு, கணக்கருக்கு, கொல்லருக்கு எல்லாம் விளைச்சலில் பங்கு இருந்ததை அது காட்டுகிறது. கூலி என்றால் செய்த வேலைக்கு. பங்கு என்றால் ஆள் ஊரில் இருப்பதற்கு.

ஆனால் அந்தப் பங்கு ஆளைப் பிறப்போடும் கட்டிப்போட்டது. களத்தோரம் காத்து நின்றவர்களின் முகமும் எனக்கு மறக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பேரன்கள் இன்று ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். அது நல்லதுதான். இனி வேலைக்குக் கூலி, அத்தோடு சரி என்று இருந்துவிடலாமா?

2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் கரண்ட் திரும்பிய இரவு, ஈரமேறிய சுவிட்ச் போர்டு புகைந்தது. நனைந்துகொண்டே வந்து லைனைப் பிரித்துவிட்டவர் இந்த அண்ணன்தான். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று காசு வாங்காமல் போனார். பிறகு வந்த சில்லறை வேலைகளில்தான் அந்தப் பாக்கி தீர்ந்தது. சில்லறை வேலையையெல்லாம் நாமே செய்துகொண்டு, ஆபத்துக்கு மட்டும் அவர் ஊரில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

கைவேலை தெரிந்திருப்பதும் பெரிய சந்தோஷம்தான். என் மகளும் டெஸ்டர் பிடிக்கப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவரைக் கூப்பிடுவது, நாமே செய்வது, இரண்டும் சரியாகவே படுகின்றன.

பழைய ஃபேனை மாட்டியவரே அவர்தான். அந்த இரண்டாவது சுற்று தன் வேலைக்குக் கொடுத்த விடையாகவும் இருக்கலாம். கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்பார்.

அடுப்படியில் பிளக் பாயின்ட் ஒன்று ஆடுகிறது. என்னால் சரிசெய்ய முடியும். முடிந்தும் அவரைக் கூப்பிட்டால் அது அவருக்கு மரியாதையா, இரக்கமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.