வெட்டினால் பரிகாரம் ஆகிவிடுமா?

நீலகிரியில் மரம் வெட்டுவதே புண்ணியம் என்றால் கேட்பவர் திடுக்கிடுவார். ஆனால் முக்கூர்த்தி, அவலாஞ்சிப் பக்கம் இன்றைய பேச்சு அதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்), சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைக் கூழுக்குமாகப் புல்வெளிகளில் மேலும் பரவலாக நடப்பட்டன. புல்வெளியை வெற்று நிலமாகப் பார்த்ததுதான் முதல் குற்றம். வரையாடும் தோடர்களின் எருமையும் மேய்ந்தது அங்கேதான். 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்ததும் அங்கேதான். 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கவென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நட்டது பிழையென்றால், வெட்டியதும் கணக்கு தீர்ந்துவிடுமா?

சிறு திருட்டுக்குப் பிராயச்சித்தம் சொல்லும் இடத்தில் மனுஸ்மிருதி, பொருளை உரியவரிடம் சேர்த்த பிறகே விரதத்தைப் பற்றிப் பேசுகிறது. இங்கே உரியவரிடம் சேர வேண்டிய பொருள் புல்வெளி. சீகையை வெட்டியதும் தரையில் வெயில் விழுகிறது; பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த அதன் விதைகள் முளைத்து, ஒரு மரம் நின்ற இடத்தில் கால் வைக்க முடியாதபடி நாற்றாக நிற்கின்றன. அவற்றை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்கி, மலைப்புல்லைத் தூர் தூராக நட்டால்தான் மண் மாறும். வெட்டிய கட்டையை லாரியில் ஏற்றியதோடு வேலை முடிந்ததென்றால், கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கவில்லை என்றே பொருள்.

மரமும் உயிர்தானே, நட்டவர் பாவத்துக்கு அது ஏன் சாக வேண்டும் என்று ஜீவகாருண்யம் பேசுவோர் கேட்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று ஒரே வரிசையில்தான் வைக்கிறது. உயரமாக நிற்பதாலேயே மரத்துக்கு இரங்கி, அதன் நிழலில் மடிந்த புல்லை மறப்பது கருணையில் ஓரவஞ்சனை. சீகை நிழலில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் வளர்கின்றனவே, விட்டுவிடலாமே என்பது இதைவிட வலுவான வாதம். கன்று எழும் இடத்தில் விட்டுவிடுவதே சரி. அங்கே அவசரப்பட்டு வெட்டினால் அது இன்னொரு குற்றம். ஆனால் வெயில் தேடும் புல் அந்த நிழலில் மீளாது. அப்படியானால் தேயிலையும் அயல் பயிர்தானே என்பார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் உட்பட எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு. அரசு செய்த பிழைக்கு அவர்கள் வயிற்றில் அடித்துப் பரிகாரம் தேட முடியாது. அரசின் கையிலுள்ள காட்டில் தொடங்கட்டும். நாற்று பிடுங்கும் கூலிக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கட்டும். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்பதைத் தோடர்களிடம் கேட்டு நடட்டும்.