குளிர்த்தி வரை

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு ஊர்களில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கிவிடும். பறையும் உடுக்கும் முழங்க, தெய்வம் ஏறியவர்கள் வேப்பிலையோடு ஆடுவார்கள். பல ஆண்டுகளாக அந்த ஆட்டத்தைப் படம்பிடிக்கவே போய்வந்தேன். விரிந்த கூந்தலும் மஞ்சள் பூசிய முகமும் கிடைத்ததும் கமராவை மூடிக்கொண்டு வீடு திரும்பிவிடுவேன்.

ஒரு வருடம், தெய்வம் ஏறி ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் ஒரு மூதாட்டி வந்து நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொலித்தீன் உறையில் சுற்றிய சிறிய படத்தை எடுத்து நீட்டினார். விரல் பட்டுப் பட்டு அதிலிருந்த பையனின் கன்னம் வெளுத்திருந்தது. "என்ட புள்ள எங்க தாயே?" என்றார். ஆடியவர் நின்றார், அழுதார். நான் கமராவை உயர்த்தினேன். "மனே, இத எடுக்காத" என்று பக்கத்திலிருந்த பெண் என் கையைத் தொட்டார். கமரா தானாகவே தாழ்ந்தது.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதல்ல. 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. வாய் திறந்து கேட்கவே மக்கள் அஞ்சிய அந்தப் போர்க்காலத்தில், காணாமல் போனவர்களைப் பற்றி அம்மன் சந்நிதியில்தான் கேட்டார்கள். தெய்வம் ஆடியவர்கள் வாக்குச் சொன்னார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் தொண்ணூறுகளில் இங்கே தங்கி அதை ஆராய்ந்து எழுதினார். போர் 2009இல் ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள்.

அந்த மூதாட்டியைக் கண்ட அன்று நான் முதன்முறையாகக் குளிர்த்தி வரை இருந்தேன். மதுரையை எரித்த கண்ணகியின் சினம் தணியக் குளிர்த்தி பாடி, வேப்பிலையால் நீர் தெளிப்பார்கள். அந்த மூதாட்டியின் தலையிலும் நீர் விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தைத் திரும்பவும் முந்தானையில் முடிந்தார். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆட்டத்தில் கொதித்தது அங்கேதான் ஆறியது. நான் அத்தனை ஆண்டுகளாக எடுத்த படங்கள் ஒன்றிலும் அந்த நேரம் இல்லை.

தமிழில் சோறும் ஆறும், புண்ணும் ஆறும், மனமும் ஆறும். மூன்றுக்கும் நேரம் வேண்டும். கூட ஆள் இருந்தால் மனம் கொஞ்சம் சீக்கிரம் ஆறும். ஆனால் மனம் ஆறியதால் கேள்வி தீர்ந்துவிடாது. குளிர்த்தி நீர் அந்தத் தாய்க்கு அடுத்த வைகாசி வரை நடக்கப் பலம் தரும்; அவர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டிய கடன் அரசுடையது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும் படம் பொய்ப்படம்.

சடங்கைப் படமெடுக்க வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். குளிர்த்தி வரை இருங்கள், தண்ணீர் உங்கள் தலையிலும் விழட்டும். அதன் பிறகு அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருக்கும் படத்தை முதலில் பாருங்கள். உங்கள் படத்தை எடுக்கலாமா என்று அதற்குப் பிறகு கேளுங்கள்.