அமானிதம்

இலங்கையின் அம்பாறைக் கரையை ஒட்டிய சம்மாந்துறையில் ஒரு வீட்டில் மௌத்து, அதாவது மரணம், நடந்தால் யாருக்கும் அழைப்பு அனுப்புவதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போனால் போதும். வயலுக்குப் புறப்பட்டவர் மண்வெட்டியோடு மையவாடிக்கு, அடக்கஸ்தலத்துக்கு, திரும்புவார். மையித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் தாமாகவே வந்து நிற்பார்கள். உடலைச் சுற்றும் வெள்ளைக் கபன் துணி வரும், தூக்கிச் செல்லும் சந்தூக்கு வரும். இறந்தவரோடு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாதிருந்தவரும் பத்தடி தூரமாவது தோள் கொடுப்பார். மார்க்கச் சட்டம் இதைப் பர்ளு கிபாயா என்கிறது. ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும்; ஒருவரும் செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதற்கும்.

மத நம்பிக்கை அவரவர் மனதுக்குள் இருக்கட்டும், தெருவுக்கு வர வேண்டாம் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். சமயத்தின் பெயரால் இரத்தம் பார்த்த நாட்டில் அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் பர்ளு கிபாயாவை யாருடைய மனதுக்குள் வைப்பது? இறந்தவர் தன் கடைசிக் கடமையைத் தானே செய்துகொள்ள முடியாது. அது மற்றவர்கள் கையில் இருக்கிறது. ஈமான், அமானிதம் என்ற இரண்டு சொற்களும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. முன்னது இறைநம்பிக்கை, பின்னது நம்பி ஒப்படைத்த பொருள். தமிழும் இதே முடிச்சை வேறு வழியில் போட்டிருக்கிறது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் குழுவுக்கு இந்தக் கரையில் நம்பிக்கையாளர் சபை என்று பெயர். அங்கே நம்பிக்கையாளர் என்றால் மற்றவர்களைவிட அதிகம் நம்புகிறவர் என்று பொருளல்ல. பிறர் நம்பிக் கொடுத்ததைக் காப்பவர் என்று பொருள்.

அமானிதத்தை வைத்திருப்பவர் அதை நினைத்த நேரத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்றும் இல்லை. எப்போது விடலாம், யார் கேட்டால் விடலாம், என்ன காரணம் சொன்னால் விடலாம்? அம்பாறைக் கரை இந்தக் கேள்வியை இருபது வருடத்துக்குள் மூன்று தடவை சந்தித்தது. மூன்று தடவையும் கேள்வி ஒரு மையித்தின் முன்னால்தான் வந்தது.

முதல் தடவை கேட்டது கடல். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோர ஊர்கள் வரிசையாக அடிபட்டன. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் 10,000க்கும் மேல். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருந்ததால் சம்மாந்துறை தப்பியது. தப்பியவர்கள் ஓடி வந்த ஊர்களில் ஒன்றாகவும் ஆனது. அன்றைக்கு ஒவ்வொரு மையித்தையும் முறைப்படி குளிப்பாட்டவோ, தனித்தனிக் கப்ருக் குழி வெட்டவோ ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பெயர் தெரியாதவர்களும் ஒரே குழியில் சேர்த்து அடக்கப்பட்டார்கள். மார்க்கம் கெட்டுப்போனதாக ஒருவரும் சொல்லவில்லை. நிர்ப்பந்தம் வந்தால் குளிப்பாட்டலுக்குப் பதில் மண்ணைக் கொண்டு செய்யும் தயம்மும் போதும், அதற்கும் வழியில்லையென்றால் அதுவும் மன்னிக்கப்படும் என்பது மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. காரணம் கண்ணெதிரே கிடந்தது. நம்பிக்கை தானாக வளைந்தது.

பதினைந்து வருடம் கழித்து அதே விட்டுக்கொடுப்பை அரசு கேட்டது. 2020 மார்ச் கடைசியில் நீர்கொழும்பில் கொவிட் தொற்றால் இறந்த ஒரு முஸ்லிமின் உடல், குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று வெளியான வர்த்தமானி, கொவிட்டால் இறப்பவர் எந்த மதத்தவரானாலும் தகனமே என்று சட்டமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதமே, உரிய பாதுகாப்போடு அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டும் ஏற்புடையவை என்று வழிகாட்டியிருந்தது. உலகின் மற்ற நாடுகள் அநேகமாக எல்லாம் அடக்கத்தை அனுமதித்தன.

அரசின் பக்கத்து வாதத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துப் பார்க்க வேண்டும். புதிய நோய், மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. தெரியாத ஆபத்தின் முன்னால் எச்சரிக்கையின் பக்கம் சாய்வது பிழையல்ல. ஒருவருடைய ஈமானுக்காக ஊரார் குடிக்கும் கிணற்றை ஆபத்தில் விட முடியாது. அது உண்மையான ஆபத்தாக இருந்திருந்தால், மார்க்கமே அரசின் பக்கம் நின்றிருக்கும். நின்றும் காட்டியது: 2020 மார்ச் நடுவிலேயே பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் கூட்டுத் தொழுகையும் நிறுத்தப்பட்டன. அந்த வருட ரமழானின் இரவுத் தொழுகையான தராவீஹ் வீடுகளில் தொழப்பட்டது. ஹஜ்ஜும் சவூதிக்குள் இருந்த மிகச் சிலருக்கு மட்டும் என்று சுருங்கியது. உயிரோடிருப்பவர்கள் தங்கள் வணக்கத்தில் பெரும்பகுதியை மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். இறந்தவர்கள் விஷயத்திலும் குளிப்பாட்டலை விட்டார்கள், முகம் பார்ப்பதை விட்டார்கள். ஆழமாக வெட்டுங்கள், மூடிய பெட்டியிலேயே வையுங்கள், ஆனால் மண்ணில் வையுங்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

எச்சரிக்கை என்ற வாதம் முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும். மாதங்கள் ஓட ஓட அதற்கு ஆதாரம் தேவைப்பட்டது, ஆதாரம் வரவில்லை. வழக்குகள் போயின. 2020 டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டத் தொடங்கினார்கள். கட்டியவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள். கபன் துணி என்றால் என்ன என்று அந்த வாரத்தில்தான் பல சிங்களவர்களும் தமிழர்களும் தெரிந்துகொண்டார்கள்.

எரிப்பது ஒன்றும் இழிவில்லை. இந்த நாட்டில் பெரும்பாலோர் தம் அன்புக்குரியவர்களை மரியாதையோடு எரிக்கிறார்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் காதை, எரிப்பவர், வெளியில் இட்டுச் செல்பவர், குழியில் புதைப்பவர், தாழியால் கவிப்பவர் என்று பலரையும் ஒரே ஈமப் பரப்பில் அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஒருவர் முறையை மற்றவர் மேல் சுமத்த வேண்டிய தேவை அந்தக் காப்பிய நகரத்துக்கு இருக்கவில்லை. ஒரு தாய்க்கு ஆறுதல் தரும் தீ, இன்னொரு தாய்க்குக் கொடுமையாவது தீயின் குற்றமில்லை. கேட்காமல் மூட்டியதுதான் குற்றம்.

2021 ஜனவரியில் நாட்டின் சமூக மருத்துவ நிபுணர்களும் அடக்கம் செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பெப்ரவரி 10 அன்று பிரதமர் பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு இடமளிக்கப்படும் என்றார். பின் அந்த வார்த்தை இழுபட்டது. கடைசியில் பாகிஸ்தான் பிரதமர் வந்து போன கையோடு, பெப்ரவரி 25 தேதியிட்ட வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. கிருமி மாறவில்லை, நீர் மாறவில்லை. அரசியல் தேவை மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அடக்கம் அனுமதிக்கப்படுவதற்குள் 200க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சாம்பலாகியிருந்தார்கள். சுனாமியில் நிர்ப்பந்தத்தை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். இங்கே நிர்ப்பந்தம் என்று ஒரு சொல் மட்டுமே இருந்தது. பிறருடைய அமானிதத்தைக் கைவிடச் சொல்பவர், ஏன் என்பதைக் காட்டும் கடனையும் சேர்த்தே சுமக்கிறார்.

இந்த அளவுகோலை அரசின் பக்கம் மட்டும் நீட்டிவிட்டு முடித்தால் அது வழக்கறிஞர் வேலையாகிவிடும். சுனாமிக்கும் கொவிட்டுக்கும் நடுவில் ஒரு தடவை உண்டு.

2019 ஈஸ்டர் ஞாயிறு தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, சம்மாந்துறையில் ஒரு வீட்டில் வெடிபொருட்களும் ஐ.எஸ். கொடியும் அகப்பட்டன. அன்றிரவே பக்கத்துச் சாய்ந்தமருதில், ஊரவர்கள் கொடுத்த தகவலின் பேரில் படையினர் ஒரு வீட்டை நெருங்கியபோது உள்ளிருந்தவர்கள் வெடிக்க வைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் சிறுவர். தாக்குதல்காரர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்திருந்தது. மும்பையில் 2008 நவம்பர் தாக்குதலுக்குப் பின் அங்குள்ள முஸ்லிம் மையவாடி நிர்வாகமும் இதையே செய்தது. ஒன்பது உடல்கள் ஒரு வருடத்துக்கு மேல் பிணவறையில் கிடந்து, 2010 ஜனவரியில் அரசால் இரகசியமாகப் புதைக்கப்பட்டன.

இந்த மறுப்புக்குக் காரணம் இருந்தது. அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. எங்கள் பெயரால் கொன்றவர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர் என்பதைச் சொல்ல, மையவாடிக் கதவை மூடுவதைவிட உரத்த மொழி அந்தச் சமூகத்திடம் இருக்கவில்லை. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்படக்கூடும் என்ற அச்சமும் சேர்ந்திருந்தது. அடுத்த மே மாதமே வடமேல் மாகாணத்தில் அது நடந்தும் விட்டது. ஆனாலும் மார்க்கச் சட்டம் இங்கே நுணுக்கமானது. கடனோடு இறந்த ஒருவருக்கு நபிகளார் தாம் தொழுவிக்காமல், தோழர்களைத் தொழச் சொன்னதாக ஹதீஸ் உண்டு. பெரியவர் விலகி நிற்பது எச்சரிக்கை. ஊர் முழுவதும் விலகிவிட்டால் பர்ளு கிபாயா நிறைவேறாமல் போய்விடும். கொலைகாரனின் உடலுக்கு மரியாதை தேவையில்லை என்று வாதிடலாம். அவனுடைய உடல் மண்ணுக்குப் போவது அவனுக்குக் கிடைக்கும் பரிசா, உயிரோடிருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் ஒழுங்கா என்பதில்தான் விடை தங்கியிருக்கிறது. பெரியவர்களுக்குச் சொன்ன காரணம் அந்த ஆறு சிறுவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் யாரையும் கொல்லவில்லை. அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

நம்பிக்கை தன்னளவில் மனிதரை நல்லவராக்கும் என்று இந்தக் கரை சத்தியம் செய்யாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பத்து நாளுக்குள், சம்மாந்துறையை ஒட்டிய வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் கடவுளை நம்பி உள்ளே போனவர்கள். தம் ஈமானும் தம் பக்தியும் உறுதியானவை என்று எண்ணியவர்கள் வெளியிலும் இருந்திருப்பார்கள். ஒருவர் எவ்வளவு ஆழமாக நம்புகிறார் என்று அளக்க எவரிடமும் கருவி இல்லை. அவரிடம் ஒப்படைக்கப்பட்டவர் என்ன ஆனார், அடுத்த தெருக்காரர், அகதி, அந்நியரின் மையித்து என்ன ஆனது என்பதைப் பார்க்கலாம். அது கண்ணுக்குத் தெரியும்.

2021 மார்ச் தொடக்கத்தில் அடக்கத்துக்கான இடமாக அரசு முதலில் இரணைதீவைச் சொன்னது. நீண்ட இடப்பெயர்வுக்குப் பின் அங்கே திரும்பியிருந்த கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்களிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை. மார்ச் 5 அன்று மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் மண்ணுக்குப் போயின. நாட்டின் எந்த மூலையில் முஸ்லிம் ஒருவர் கொவிட்டால் இறந்தாலும் அங்கேதான் என்றானது. சம்மாந்துறைக்காரருக்கும் ஊர் மையவாடி இல்லை. மட்டக்களப்பு நகரையும் ஏறாவூரையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தோள் கொடுக்க ஊர் போக முடியவில்லை. அங்கிருந்தவர்கள், பெயர் தெரியாதவர்களுக்காகத் தொழுதார்கள்.

ஓராண்டுக் கணக்கில் அங்கே அடக்கப்பட்டவர்கள் 3600க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; எல்லோரும் அல்லர். எரிக்க வேண்டாம், மண்ணில் வையுங்கள் என்று குடும்பத்தார் கேட்ட இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் நூற்றுக்கணக்கில் அதே நிலத்தில் இருக்கிறார்கள்.